மேற்குச் சுவரில் ஒரு மரம்

தொழில் விஷயமாக அகமதாபாத் போகிறவர்களுக்குப் பகலில் ஓய்வு வாய்க்காது. வட்வா தொழிற்பேட்டையில் சாயக் கம்பெனிக்காரர்களோடு பேசி, மாதிரி பார்த்து, விலை முடித்து வெளியே வரும்போது நான்கு மணி தாண்டியிருக்கும். ஊர் திரும்பும் விமானம் இரவில். நகர நெரிசல் தின்றது போக, நடுவில் ஒன்று ஒன்றரை மணி நேரம் மிஞ்சும். சபர்மதி ஆசிரமம், அடாலஜ் படிக்கிணறு, ஜாமா மசூதி எல்லாவற்றையும் அதற்குள் திணித்துவிடத் தோன்றும். வேண்டாம். அவை ஒவ்வொன்றும் அரை நாளாவது கேட்கும். மாலை ஒரு மணி நேரத்துக்கென்றே அமைந்தது போல ஒரு ஜன்னல் அந்த ஊரில் இருக்கிறது.

லால் தர்வாஜாவில், சீதி சையத் மசூதி. ஜாலி என்றால் கல்லில் துளைத்துச் செதுக்கிய பின்னல் ஜன்னல். ஆட்டோக்காரரிடம் ‘சீதி சையத் ஜாலி’ என்றால் போதும், நேரே கொண்டுபோய் நிறுத்துவார். சின்ன மசூதிதான். தொழுகை நேரமாக இல்லாமல் பார்த்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாம்.

மாலை என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டு மசூதிகளில் தொழும் திசை மேற்கு. ஆகவே கிழக்கே திறந்த வளைவுகள், மேற்கே சுவர். பேர் பெற்ற இரண்டு ஜாலிகளும் அந்த மேற்குச் சுவரில்தான், நடு வளைவுக்கு வலமும் இடமுமாக. காலையில் வெளிச்சம் நம் முதுகுப் பக்கமிருந்து வரும். வெயில் சாயச் சாயத்தான் அது ஜாலிக்குப் பின்னால் போய் நிற்கிறது. வேலை முடிந்து வருகிறவனுக்கு இதைவிட நல்ல கணக்கு அமையாது. கோடையென்றால் இன்னும் விசேஷம்: நம் ஊரைவிட அங்கே சூரியன் முக்கால் மணி நேரம் வரை பிந்தி மறையும்.

வலப்பக்கத்து ஜாலியின் முன் உட்காருங்கள். மஞ்சள் பாய்ந்த மணற்கல்லில் ஒரு மரம். அதன் கிளைகள் இருபுறமும் பிரிந்து, சுருண்டு, மறுபடி பிரிந்து, வளைவின் விளிம்புவரை போய்த் தொடுகின்றன. நடுவே ஒரு பனை நிமிர்ந்து எழ, அதைச் சுற்றிக் கிளைகள் பின்னிக்கொள்கின்றன. இரண்டு கிளைகள் குறுக்கிடும் இடத்தில் எது மேலே போகிறது, எது கீழே நுழைகிறது என்பதைக்கூடச் சிற்பி விட்டுவிடவில்லை. ஒரு கிளையை மட்டும் பிடித்துக்கொண்டு கண்ணால் நுனிவரை போய்ப் பாருங்கள். நடுவில் எங்கோ தொலைந்து, வேறொரு கிளையில் இருப்பீர்கள். திரும்பவும் அடியிலிருந்து தொடங்க வேண்டியதுதான். எனக்கு மிகவும் பிடித்த அலைச்சல் இது.

அதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது. கண்ணைச் சற்று இடுக்கிக்கொண்டு மொத்தமாகப் பார்த்தால் தெரியும்: எங்கேயும் கல் குவிந்து இருண்டு போகவில்லை, எங்கேயும் அருகிப்போய் ஓட்டையாகவும் விழவில்லை. மரத்தை உள்ளபடி செதுக்கினால் அடியில் கனமும் நுனியில் வெறுமையும் வரும். இந்தச் சிற்பி தண்டை மெலிய விட்டு, நுனிச் சுருள்களைப் பெருக்கி, கல்லையும் வெளியையும் வளைவு முழுக்கச் சமமாகப் பரப்பிவிட்டார். நல்ல நெசவில் ஊடும் பாவும் ஒரே அடர்த்தியில் விழுந்தால்தான் சாயம் திட்டுப் படாமல் ஏறும். சாயத் தொழிலில் பழகிய கண் முதலில் அதைத்தான் தேடும், இங்கே வெளிச்சம் திட்டில்லாமல் ஏறியிருக்கிறது. ஆவுடையார்கோயில் கொடுங்கைகளில் கல்லை மரச்சட்டமும் ஆணியுமாக மாற்றிக் காட்டிய கையைக் கண்டு வியந்து வளர்ந்தவர்கள் நாம். எதைச் செதுக்குவது என்பதைவிட எவ்வளவை எடுத்துவிடுவது என்று இத்தனை நேரம் யோசித்த கையை நான் இங்கேதான் கண்டேன்.

கட்டியவர் சீதி சையத், அபிசீனிய வழியில் வந்தவர். காலம் 1572–73. குஜராத் சுல்தான்களின் ஆட்சி முடிந்து அக்பரின் படை ஊருக்குள் வந்ததும் அப்போதுதான். நடு வளைவில் மட்டும் ஜாலி இல்லாததைக் காட்டி, வேலை பாதியில் நின்றுபோனது என்பார்கள். பிரிட்டிஷ் காலத்தில் இந்த இடம் தாசில்தார் கச்சேரியாக இருந்ததாம். கர்சன் பிரபு 1900-இல் ஆற்றிய உரையில் அதைக் கண்டு வருந்திச் சொல்லியிருக்கிறார். இந்த ஜாலியின் அடியில் உட்கார்ந்து வரிக்கணக்கு எழுதிய குமாஸ்தாக்களை நினைத்துக்கொள்வேன். அவர்களில் ஒருவராவது பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்திருப்பார் என்று நம்ப ஆசை.

வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஒற்றை மரத்தைப் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஐ.ஐ.எம். அகமதாபாத்தின் சின்னத்துக்கு இந்த ஜாலிதான் மூலம் என்பதால் அதற்குப் பேர் அதிகம். மற்ற ஜாலியில் பனைகளும் சிறு மரங்களும் மாறி மாறி வரிசையாக நிற்கின்றன. அது அடக்கமானது, மெதுவாகத்தான் பிடிபடும். ஓரத்து வளைவுகளில் சதுரம் சதுரமாகக் கட்டம் கட்டி, கட்டத்துக்குக் கட்டம் வேறு வேறு கோலம். ஒரு கட்டத்துக்கு ஒரு நிமிடம் கொடுத்தாலே பொழுது போதாது.

வெளியே வந்து சாலைப் பக்கமிருந்தும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். உள்ளே வெளிச்சத்தின் மேல் கறுப்புக் கோடாக இருந்த மரம், வெளியே மாலை வெயில் பட்டு உடம்பும் திரட்சியும் கொண்ட பொன்னிறக் கல்லாகிவிடுகிறது, இடைவெளிகள் இருளாகின்றன. கல் ஒன்று, சித்திரம் இரண்டு. உள்ளே மட்டும் பார்த்தவர் பாதிதான் பார்த்தவர்.

பக்கத்திலேயே லக்கி என்ற தேநீர்க்கடை. பழைய கல்லறைகளைக் கம்பியடைத்துப் பாதுகாத்து, அவற்றுக்கு நடுவே மேசை போட்டிருக்கிறார்கள். எம்.எஃப். ஹுசைன் கொடுத்த ஓவியம் ஒன்று சுவரில் இருக்கிறது. வெண்ணெய் தடவிய மஸ்கா பன்னும் தேநீரும் சொல்லிவிட்டு உட்காரலாம். விமான நிலையம் அங்கிருந்து பத்துக் கிலோமீட்டர் சுற்றில்தான். ஒன்பதரை விமானத்துக்கு ஏழு மணிக்கு எழுந்தால் சரியாக இருக்கும்.