திருப்பிச் சொன்னால் தீர்ந்ததா?

கட்டுப்பாட்டாளர் தரும் அனுமதியான க்ளியரன்ஸைப் பிசகாமல் திருப்பிச் சொல்கிற விமானி பத்திரமாக இறங்குவார் என்ற பேச்சு விமானப் பயிற்சி வட்டாரங்களில் ஓய்வதே இல்லை. ‘ரீட்பேக்’ என்கிற இந்த வழக்கத்துக்கு அங்கே ஏறக்குறைய மந்திர மதிப்பு. எண்களைப் பொறுத்தவரை அது நியாயம்தான். 6,000 அடி என்றது 5,000 என்று காதில் விழுந்திருந்தால், திருப்பிச் சொல்லும்போது பிடிபட்டுவிடும். அதற்குமேல் அதன் தலையில் ஏற்றுகிற பாரத்தைத்தான் என்னால் நெடுநாளாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. விமானியின் வாய்க்கு வந்த சொல்லை ரீட்பேக் சோதிக்கும். அந்தச் சொல் அவர் மனதில் என்ன வழியாக விரிந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

1974 டிசம்பர் 1. டி.டபிள்யூ.ஏ. 514, போயிங் 727. பலத்த காற்றால் வாஷிங்டன் நேஷனலில் இறங்க முடியாமல் டலஸ் விமான நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தது. ஆர்மெல் வி.ஓ.ஆர். என்ற வழிகாட்டி வானொலி நிலையத்தின் 300 டிகிரி ரேடியலை, அதாவது திசைக்கோட்டைப் பிடித்து அதன்மேல் உள்ளே வரவேண்டும். ரேடியல் ஊசி, இடமா வலமா என்று காட்டும். எவ்வளவு உயரத்தில் என்று காட்டாது. அதை யாராவது சொல்லவேண்டும். 7,000 அடியில், 44 மைல் தொலைவில் அப்ரோச் க்ளியரன்ஸ் வந்தபோது, அதில் உயரம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விமானம் 1,800 அடிக்கு இறங்கத் தொடங்கியது. ரவுண்ட் ஹில் என்ற இடம் வரை 3,400 அடிக்குக் கீழே போகக்கூடாது என்று வரைபடத்தில் இருப்பதைக் கேப்டனே பார்த்துப் பேசியிருக்கிறார். க்ளியரன்ஸ் தந்துவிட்டார்களே, இறங்கலாம் என்பது அவருடைய புரிதல். மவுண்ட் வெதர் குன்றில் மோதி, விமானத்தில் இருந்த 92 பேரும் இறந்தார்கள்.

அந்த க்ளியரன்ஸைப் பத்துமுறை திருப்பிச் சொல்லியிருந்தாலும் என்ன மாறியிருக்கும்? பிழையான சொல் ஒன்றுமே அதில் இல்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்து ஆராய்ந்த விசாரணை வாரியமே 3–2 என்று பிளந்தது. மூவர் விமானிகளைக் குற்றம் சொன்னார்கள். இருவர் உயரத்தைச் சொல்லாத கட்டுப்பாட்டாளரை. பிறகு வந்த திருத்தமும், பிரசுரமான பாதையைப் பிடிக்கும்வரை காக்கவேண்டிய உயரத்தைக் க்ளியரன்ஸிலேயே சொல்லவேண்டும் என்றது. ஓட்டை எங்கே என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கிளிப்பிள்ளைப் பாடத்தின் பக்தர்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

விமானி கேட்டிருக்கலாமே என்பார்கள். கேட்டிருக்கலாம். ஆனால் எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைப்பவர் எதைக் கேட்பார்?

1995 டிசம்பர் 20, கொலம்பியாவின் காலி நகரம், அமெரிக்கன் 965. காலி வி.ஓ.ஆருக்கு க்ளியரன்ஸ் தந்த கட்டுப்பாட்டாளர், வழியில் துலுவா வழிகாட்டி நிலையம் வந்ததும் தெரிவிக்கச் சொன்னார். கேப்டன் திருப்பிச் சொல்லும்போது ‘நேராக’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டார். மறுமுனை ஆமோதித்தது. சடங்கு குறையின்றி முடிந்தது. அந்த ‘நேராக’ விமானக் கணினியிலும் ஏற, துலுவா திரையிலிருந்தே மறைந்தது. விமானம் அதைத் தாண்டிப் போனபின்னும் விமானிகள் அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பிறகு ரோசோ என்ற வழிகாட்டி நிலையத்துக்கென்று ‘ஆர்’ எழுத்தைத் தட்ட, கணினி பொகோட்டா அருகிலிருந்த ரோமியோ என்ற நிலையத்தை எடுத்துக்கொண்டு இடப்பக்கம், மலைகளை நோக்கித் திருப்பியது. 159 பேர் இறந்தார்கள்.

அந்த விமானிகள் வானொலியில் கேட்டது பொருந்தவில்லை என்பது கட்டுப்பாட்டாளருக்கு அப்போதே உறுத்தியிருக்கிறது. ஸ்பானிஷ் பேசும் விமானிகளாக இருந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பேன் என்று அவர் பின்னர் விசாரணையில் தெரிவித்தார். ஆங்கிலத்தில் அவர் கைவசம் இருந்தவை வழக்கமான வானொலி வாசகங்கள்தாம்.