மணியோசைக்குக் காத்திருந்த மாணவர்கள்

1633-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் ரோம் நகரில் 69 வயது முதியவர் ஒருவர் நீதிபதிகள் முன் மண்டியிட்டு, பூமி நகர்கிறது என்ற கருத்தைக் கைவிடுவதாக வாசித்தார். கலிலியோவின் இந்த விசாரணையை நாம் பாடநூல்களில் படித்திருக்கிறோம். ஆனால் ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் எழுதிய ‘கலிலியோவின் வாழ்க்கை’ என்ற நாடகத்தில் இந்தக் காட்சியைத் தேடினால் கிடைக்காது. மண்டியிடும் கலிலியோவை அவர் நமக்குக் காட்டவே இல்லை.

அதற்குப் பதிலாக நம்மை ஒரு தோட்டத்தில் நிறுத்துகிறார். அங்கே கலிலியோவின் மாணவன் ஆந்திரேயா, கண்ணாடி வில்லை தேய்க்கும் ஃபெடர்சோனி, இளம் துறவி ஒருவர் ஆகிய மூவரும் காத்திருக்கிறார்கள். மகள் வர்ஜீனியா ஒரு மூலையில் பிரார்த்தனை செய்கிறாள். கலிலியோ பணிந்துவிட்டால் ஐந்து மணிக்கு ஆலய மணி ஒலிக்கும் என்று செய்தி வருகிறது. ஐந்து மணி கடக்கிறது, மணி ஒலிக்கவில்லை. மாணவர்கள் ஆனந்தத்தில் திளைக்கிறார்கள். சில நிமிடங்களில் மணி ஒலித்துவிடுகிறது! திரும்பி வரும் ஆசிரியரை ஆந்திரேயா ஏசுகிறான். அவரோ கோபப்படாமல், அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார்.

ஆந்திரேயா வரலாற்றில் வாழ்ந்தவன் அல்லன், பிரெக்டின் கற்பனை. ஆயினும் இந்தப் பார்வை மாற்றம் மிகப் பொருத்தமானது. நீதிமன்றத்தில் கலிலியோ திருச்சபைக்குப் பதில் சொல்ல வேண்டியவர். தோட்டத்திலோ தம் மாணவனுக்குப் பதில் சொல்ல வேண்டியவராகிறார். கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கும் எனக்கு இரண்டாவது விசாரணையே கடுமையானதாகத் தோன்றுகிறது.

எனினும் இதில் ஓர் இழப்பும் உண்டு. ஆந்திரேயாவின் கண்ணுக்கு ஒரு பக்கம் உண்மையும் மறுபக்கம் அச்சமுமே தெரிகின்றன. மண்டபத்துக்குள் நடந்த வழக்கு அத்தனை எளிதானதன்று. கோப்பர்னிக்கஸின் கொள்கையை எவ்வகையிலும் கற்பிக்கலாகாது என்று 1616-இல் கலிலியோவுக்கு ஆணை இடப்பட்டதா என்பதே அங்கு முக்கியமான கேள்வி. நீதிமன்றத்திடம் அப்படி ஒரு குறிப்பு இருந்தது. அதில் கலிலியோவின் கையொப்பம் இல்லை. அவரோ கர்தினால் பெல்லார்மின் தமக்கு அளித்த சான்றிதழைக் காட்டினார். அதில் இத்தனை கடுமையான சொற்கள் இல்லை. தீர்ப்பில் பெயர் குறிக்கப்பட்ட நீதிபதிகள் பதின்மர்; கையொப்பமிட்டவர்கள் எழுவரே.

விஞ்ஞானமும் அன்று முடிந்த கதை அல்ல. வெள்ளிக் கோளின் பிறைகள் தாலமியின் அமைப்பைத் தகர்த்தன. ஆனால் சூரியன் பூமியையும் மற்றக் கோள்கள் சூரியனையும் சுற்றுவதாகச் சொன்ன டைக்கோ பிராகியின் அமைப்பை அவை தகர்க்கவில்லை. 1632-இல் வெளிவந்த தம் நூலில் கலிலியோ பெரிதும் நம்பிய சான்று கடல் ஓதங்கள். அந்த விளக்கம் தவறானது. பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் ஒன்று இடம் மாறித் தோன்றுவதை பெஸ்ஸல் அளந்து வெளியிட்டது 1838-இல்தான். எனவே நீதிபதிகளின் பெரும் பிழை வானியல் அறியாமை அன்று. ஆராய்ந்து தீர்க்க வேண்டிய கேள்வியை ஆணையிட்டுத் தீர்க்க முயன்றதே அவர்களுடைய பிழை. தோட்டத்தில் நிற்கும் நமக்கு இது தெரிவதில்லை.

பிரெக்ட் ஆந்திரேயாவின் முதல் தீர்ப்போடு நிறுத்திவிடவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் அவன் மீண்டும் வருகிறான். வீட்டுக் காவலில் இரகசியமாக எழுதிய நூலை ஆசிரியர் அவனிடம் கொடுக்கிறார். (அந்நூல் 1638-இல் ஹாலந்தின் லெய்டன் நகரில் அச்சானது வரலாறு.) ஆந்திரேயா அவரைப் புகழத் தொடங்குகிறான். கலிலியோ அந்தப் புகழை ஏற்க மறுத்துத் தம்மைத் தாமே குற்றவாளி என்கிறார். 1938-இல் எழுதிய முதல் வடிவத்தில் அவருடைய சாமர்த்தியத்துக்கு ஓரளவு பாராட்டு இருந்தது. 1945-இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த பிறகு பிரெக்ட் அந்தக் காட்சியைக் கடுமையாக்கினார். விஞ்ஞானி யாருக்குக் கடமைப்பட்டவர் என்ற கேள்வி அப்போது அவருக்கு வேறு பொருள் தந்தது.

மாணவர்கள் இந்நாடகத்தைப் படிக்க வேண்டும். படித்து முடித்ததும் விசாரணையின் வரலாற்றையும் ஒரு முறை படியுங்கள். ஆந்திரேயாவின் கோபத்தில் எவ்வளவு நியாயம், எவ்வளவு அவசரம் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.