வினாவின் உடையவர் யார்?

மக்கள் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை அன்றாட வாழ்விலும் தொழிலிலும் எங்ஙனம் கையாளுகின்றனர் என ஆராயும் கட்டுரைகள் இன்று பல்கி வருகின்றன. அவற்றுள், 2025 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவன ஆய்வாளரும் ஆர்வர்டு பேராசிரியர் டேவிட் டெமிங்கும் பிறரும் கூடி வெளியிட்டது தனித்து நோக்கத்தக்கது. சாட்ஜிபிடிக்கு வந்த செய்திகளை அவர்கள் மூன்றாகப் பகுத்தனர்: கேட்டல் 49 விழுக்காடு, செய்வித்தல் 40, வெளிப்படுத்தல் 11. தொழில் சாராத செய்திகளே பத்தில் ஏழுக்கு மேல் என்றும் கண்டனர். இஃது அலுவலகக் கருவியே என்றிருந்தார்க்கு அம்முடிவு நல்லதொரு திருத்தம்.

ஆயினும் அப்பகுப்பு நமக்கு நிறைவு தரவில்லை. நன்னூலார் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என ஆறாகக் கொண்டார். விடை அறிந்த ஆசிரியர் வினவுவதும் அறியாத மாணவன் வினவுவதும் சொல்லளவில் ஒன்றாயிருத்தல் கூடும். கேட்பவர் நிலையே அவற்றை வேறாக்குகின்றது. கருவியைச் சோதித்தற்பொருட்டுத் தெரிந்ததையே கேட்பவரும், அறியாது கேட்பவரும், ஐயம் நீங்கக் கேட்பவரும் மேற்கூறிய ஆய்வில் 'கேட்டல்' என்னும் ஒரே கூட்டில் அடைபடுகின்றனர். பழைய இலக்கணம் இங்கே புதிய ஆய்வினும் நுண்ணிதாக நிற்கின்றது.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. ஒரு கணக்கிலிருந்து வரும் செய்தி அக்கணக்கிற்குரியவருடையதே என அவ்வாய்வு கொள்கின்றது. நம் ஊர்களின் வழக்கம் வேறு. புதுவையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர் அதன் நடுநிலையம். நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த ஏம்பலத்தில் கோயிற் கட்டடத்திலேயே கணினி நிலையம் அமைந்தது. கோயிலுள் புகவொண்ணாதவரும் இதனுள் தனிவாயில் வழியே புகலாயினர் என்பது ஒன்றே தனிக் கட்டுரைக்குரிய பொருள். கடற்கரை ஊராகிய வீராம்பட்டினத்திலோ, அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட அலையுயரக் குறிப்பை ஒருவர் இணையத்தில் எடுக்க, ஒலிபெருக்கி வழியே ஊர் முழுதும் கேட்டது. பொறியின் பதிவேட்டில் பயனர் ஒருவர். கரையிலோ குப்பம் முழுதும்.

இன்று நெட்டப்பாக்கத்தில் ஒரு மூதாட்டி ஓய்வூதியம் பற்றிப் பேச்சு வழக்கிற் கேட்க, பேரன் அதனை எழுத்து வழக்காக்கிக் கைப்பேசியில் இட்டு, வரும் விடையை மீண்டும் பேச்சாக்கிச் சொல்கின்றான் எனக் கொள்வோம். வினா எவருடையது? விடையில் அவன் விட்டது எது, சேர்த்தது எது? நிறுவனத்தாரின் பதிவுகள் இவற்றுக்கு விடை கூறா. பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் பிரிந்து நிற்கும் மொழியில் இம்மாற்றமே ஆய்வின் கரு. அதனைக் காண வல்லார் தமிழ்த்துறையினரே. ஆராய்ச்சி மாணவர் அத்திண்ணையில் உடனிருந்து மூவர் கூற்றையும், கருவியின் கூற்றையும் சேர்த்தே, எழுதுதல் வேண்டும். அவ்விடத்து மூதாட்டியின் இசைவு வேறு, பேரனின் இசைவு வேறு. இரண்டும் முன்னரே பெறற்பாலன.