சோதனை என்கிற பழக்கம்

கவிதை தேங்கிவிட்டது என்று பேச்சு எழும்போதெல்லாம் நம் வட்டத்தில் உடனே முன்வைக்கப்படுகிற மருந்து ஒன்றுதான்: புதிதாக ஏதாவது செய்து பார்ப்பது. யாப்பை விட்டார்கள். பிறகு வரியை உடைத்தார்கள். வரியே வேண்டாமென்று பத்தியாக எழுதினார்கள். மூன்று வரியில் ஜப்பான் வழியும் போய்ப் பார்த்தாயிற்று. 1959ல் 'எழுத்து' தொடங்கியதிலிருந்து எண்ணினால் சோதனைக்குக் குறைவில்லை. ஆனால் ஆசிரியர் பெயர்களை மறைத்துவிட்டு இக்கவிதைகளில் பெரும்பாலானவற்றைப் படித்துப் பாருங்கள். பேசுகிறவன் ஒரே ஆள். மாதச் சம்பளக்காரன், ஜன்னல் ஓரம் நிற்பவன், தன் தனிமை பற்றிக் கொஞ்சம் பெருமையும் உள்ளவன். சட்டை மாறிக்கொண்டே இருக்கிறது, உள்ளே அதே ஆள். நம் கவிதை தருகிற சலிப்பின் ஊற்று இந்த 'நான்'தான் என்பது என் கட்சி. அது மாறாதவரை வடிவச் சோதனையும் ஒரு தினசரிப் பழக்கமாகவே இருக்கும்.

இதைச் சொல்ல ஃபெர்னாண்டோ பெஸோவா எனக்குத் தேவைப்படுகிறார். பல பெயர்களில் எழுதிய விசித்திரப் பிறவி என்ற அளவோடு அவரைப் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. 1888ல் லிஸ்பனில் பிறந்து, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆங்கிலப் படிப்புப் படித்து, 1905ல் ஊர் திரும்பியவர். அதற்குப் பிறகு 1935ல் சாகும்வரை ஏறக்குறைய லிஸ்பனை விட்டு நகரவில்லை. வியாபாரக் கம்பெனிகளுக்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கடிதங்கள் எழுதிக் கொடுப்பது ஜீவனம். அறை, ஆபீஸ், காபிக்கடை. 1915ல் நண்பர்களோடு 'ஓர்ஃபெயு' என்றொரு பத்திரிகை நடத்தினார். இரண்டே இதழ்கள். மூன்றாவது அச்சு வரைக்கும் போய், பணமில்லாமல் நின்றது. (இந்தச் சரித்திரத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.) வெளியிலிருந்து பார்த்தால் இதைவிடச் சலிப்பான வாழ்க்கை கிடையாது. அதை மாற்ற அவர் பெரிதாக முயலவும் இல்லை.

அவர் மாற்றியது பேசுகிறவனை. அல்பெர்ட்டோ கயீரோ ஆரம்பப் பள்ளியோடு படிப்பு முடிந்த கிராமத்து மனிதர். பொருள்களுக்குப் பின்னால் வேறு அர்த்தம் தேடுவதையே நோய் என்று நினைப்பவர். ரிக்கார்டோ ரெய்ஸ் லத்தீன் தெரிந்த டாக்டர், எதையும் அளந்து சொல்பவர். ஆல்வரோ த காம்போஸ் கிளாஸ்கோவில் படித்த கப்பல் எஞ்சினியர், யந்திரங்களைக் கண்டு நீண்ட வரிகளில் கூச்சலிட்டு, பின்னால் சோர்ந்துபோகிறவர். புனைபெயர் வைத்துக்கொள்வது இதுவல்ல. சொ. விருத்தாசலத்துக்கும் புதுமைப்பித்தனுக்கும் நடுவே தகராறு எதுவுமில்லை. காம்போஸோ, பெஸோவா எழுதிய கட்டுரையை அதே பத்திரிகையின் அடுத்த இதழில் மறுத்து எழுதியவர். கவனிக்க வேண்டியது இது: ரெய்ஸின் கட்டான ஓசை, காம்போஸின் கட்டற்ற வரி, கயீரோவின் வெறும் பேச்சு ஆகிய எதுவும் 'இன்று ஒரு புது வடிவம் முயல்வோம்' என்று வந்ததாகப் படவில்லை. ஆள் வந்தான், அவனோடு அவன் வடிவமும் வந்தது. கயீரோவின் கவிதைகள் முப்பதுக்கு மேல் 1914 மார்ச் 8ந் தேதி ஒரே மூச்சில், நின்றுகொண்டே எழுதப்பட்டதாக 1935 ஜனவரியில் ஒரு கடிதத்தில் சொல்கிறார். கைப்பிரதிகளை ஆராய்ந்தவர்கள் அப்படி நடக்கவில்லை என்கிறார்கள். அதனால் கயீரோவுக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை.

நம்மவர்கள் கொண்டாடுவது இந்த மூவரையும் அல்ல. அவர்களுக்குப் பிடித்தது பெர்னார்டோ ஸோரெஸ். 1982ல்தான், அதாவது பெஸோவா இறந்து 47 ஆண்டுகள் கழித்து, போர்த்துகீசிய மொழியில் நூலுருப் பெற்ற அந்த 'அமைதியின்மையின் புத்தக'த்துக்கு உரியவன். லிஸ்பனில் ஒரு தெருவில் துணிக்கடை ஆபீஸில் உதவிக் கணக்கன். முதலாளி வாஸ்கெஸிடமிருந்து விடுதலை கிடைத்தால் அவரையே நினைத்து ஏங்க வேண்டிவருமே என்று பயப்படுகிறவன். வாழ்க்கையை வேண்டுமென்றே ஒரே மாதிரி ஆக்கிக்கொண்டால் சின்னச் சம்பவமும் அதிசயமாகிவிடும் என்று ஒரு சித்தாந்தமும் வைத்திருக்கிறான். பற்றும் வரவும் சரிபார்த்துப் பிழைக்கிற எனக்கு இதை ஒப்புக்கொள்ளக் கஷ்டமாக இருக்கிறது. பேரேடு திரைக்குள் போய்விட்ட இந்த நாளிலும், ஐந்தாவது மணிநேரத்தில் எந்த அதிசயமும் நிகழ்வதில்லை. கண் எரிகிறது, அவ்வளவுதான். ஆபீஸ் நேரம் என்று ஒன்றுக்குக் கட்டுப்படாமலே பிழைத்த பெஸோவா எட்டத்திலிருந்து கண்ட குமாஸ்தா இவன். ஸோரெஸ் முழுதாக வேறு ஆள் இல்லை, தன்னையே கொஞ்சம் குறைத்து வெட்டியது என்று அந்தக் கடிதத்தில் பெஸோவாவே சொல்லிவிடுகிறார். அது புத்தகத்திலும் தெரிகிறது. அற்புதமான பத்திகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நூறு பக்கம் சேர்ந்தாற்போல் படித்தால் குரல் ஒரே ஸ்தாயியில் நிற்கிறது. அதனால்தான் நமக்குப் பிடிக்கிறது. அவன் நம் ஜன்னல் ஓரத்து ஆள்.

நகுலன் இல்லையா, நவீனன் இல்லையா என்று கேட்பார்கள். நவீனன் நகுலனிலிருந்து பிய்ந்த ஒரு துண்டு, நகுலனின் ஞாபகங்களோடேயே நடமாடுபவன். அவனும் ஸோரெஸின் ஜாதி, கயீரோவின் ஜாதி இல்லை. இது குற்றச்சாட்டும் அல்ல. அந்தத் துண்டை வைத்து நகுலன் செய்ததைப் பின்னால் வந்தவர்கள் செய்யவில்லை. அவர் முணுமுணுப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

பேசுகிறவர் உண்மையாகவே மாறியது தொண்ணூறுகளில், தலித் கவிதையும் பெண்களின் கவிதையும் வந்தபோது. அவர்கள் சோதனை என்று பலகை மாட்டவில்லை. வேறு ஆட்கள் பேசினார்கள், மொழி தானே நகர்ந்தது. ஆனால் அதைக் கண்ட பழைய 'நான்' என்ன செய்தது? அவர்களுடைய சொற்களில் சிலவற்றை இரவல் வாங்கிக்கொண்டு ஜன்னலுக்கே திரும்பியது.

அதற்கும் முன்னால் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. 1970ல் தொடங்கிய 'கசடதபற' கவிஞர்களில் ஞானக்கூத்தன் தன் 'காலவழுவமைதி'யில் கட்சி மேடைப் பேச்சாளனுக்கு வாயைக் கொடுத்தார். மூக்கில் இழுபடுகிற அந்த ஒலியையே வரியில் ஏற்றினார். கவிஞனுடைய சொந்தக் குரல் அங்கே இல்லை. யாப்பை உதறுவதே புதுமை என்று எண்ணப்பட்ட நாளில் பழைய ஓசையைக் கூசாமல் எடுத்துப் பயன்படுத்தியவரும் அவர்தான். இருந்தும் அந்தக் கவிதை கேலியில் நின்றுவிட்டது. கேலி செய்கிறவன் தன் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வேண்டியதில்லை, கேலி அவனைப் பத்திரமாக வைத்திருக்கும். அதிகம் படிக்காத கயீரோவைப் பெஸோவா கேலி செய்யவில்லை, தன் ஆசான் என்றார். அந்த மேடைப் பேச்சாளனை ஆசானாக வைத்து ஞானக்கூத்தன் இன்னும் பத்துக் கவிதைகள் எழுதியிருந்தால் அவன் எதைப் பற்றியெல்லாம் பேசியிருப்பான் என்று யோசித்துப் பார்ப்பதுண்டு. நிச்சயம் மேடையில் பேசியதை அல்ல.