காணாமை இன்மையாகாது: பரிணாமப் பாடம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

2018ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அந்நாளில் மத்திய அரசின் மனிதவளத் துறை இணையமைச்சராயிருந்த சத்தியபால் சிங் என்பார், டார்வின் கொள்கை பிழையுடைத்து என்றும், குரங்கு மனிதனாய் மாறக் கண்டாரும் இலர், கண்டதாக முன்னோர் சொல்லவும் எழுதவும் இலர் என்றும், ஆதலின் பள்ளி கல்லூரிப் பாடங்களில் அது மாற்றப்படல் வேண்டுமென்றும் கூறினார். நாட்டின் மூன்று அறிவியற் கழகங்களும் ஒருங்குகூடி அக்கூற்றை மறுத்து அறிக்கை விடுத்தன.

சிலவாண்டு கழித்து, தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு, பெருந்தொற்றுக் காலத்து மாணவர் சுமையைக் குறைத்தல் என்னுங் காரணங் காட்டி, 10ஆம் வகுப்பு அறிவியல் நூலினின்றும் பரிணாமப் பகுதியை நீக்கிற்று. மரபுவழியும் பரிணாமமும் எனப் பொருள்படும் தலைப்புடன் விளங்கிய இயல், 2023இல் வெளிவந்த நூலில் மரபுவழி என்னும் அளவில் நின்றது. அவ்வாண்டு ஏப்பிரலில் 1,800க்கு மேற்பட்ட அறிவியலாரும் ஆசிரியரும் அப்பகுதியை மீளச் சேர்க்குமாறு கையெழுத்திட்டு வேண்டினர். 12ஆம் வகுப்பு உயிரியலில் அஃது உளதென்பது அரசினர் மறுமொழி. 10ஆம் வகுப்பின் பின் உயிரியலை எடாத பிள்ளைகட்கு அம்மறுமொழியாற் பயனொன்றுமில்லை. அமைச்சர் கூற்றே இந்நீக்கத்திற்குக் காரணமென்று துணிதல் சாலாது. ஆயினும் அக்கூற்றுச் சைவருள்ளும் சிலரால் விரும்பி எடுத்துரைக்கப்படுதலின், அதனை ஆராய்தல் இன்றியமையாததாயிற்று.

தமிழ்நாட்டரசு 2019இல் வெளியிட்ட 10ஆம் வகுப்பு அறிவியல் நூலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்னும் இயல் உளது. ஆகவே பாளையம்பட்டி முதலாகத் திருச்சுழி ஈறாகவுள்ள வானம் பார்த்த பூமியில், அரசின் நூலைப் பயிலும் பிள்ளை அதனைக் கற்க, மத்திய வாரிய நூலைப் பயிலும் பிள்ளை அவ்வகவையிற் கல்லாது நிற்கும். திருச்சுழியல் சுந்தரமூர்த்தி சுவாமிகள் பாடல் பெற்ற தலம். ஊழிவெள்ளத்தை இறைவன் சூலத்தாற் சுழித்து நிலத்தினுட் செலுத்தினான் என்பது அத்தலபுராணம். அப்புராணங் கேட்டு வளரும் பிள்ளை, பள்ளிப்பாடத்தையும் கேட்டு, இவற்றுள் எது மெய்யென வினவுமாயின், பெற்றோர் இருவகை விடைகளுள் ஒன்றைச் சொல்லக் காண்கின்றோம். பள்ளிப்பாடம் பொய் என்பது ஒன்று. அது திருவாசகத்தில் முன்னரே சொல்லப்பட்டது என்பது மற்றொன்று. இரண்டும் பொருந்தா. யாங்ஙனமெனிற் காட்டுதும்.

கண்டாரிலர், ஆகவே இல்லை என்பது உலகாயதன் கூற்று. காட்சியொன்றே அளவையெனக் கொண்ட அவனை, அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் முதற்கண் நிறுத்தி மறுத்தார். காட்சியோடு கருதலும் உரையும் அளவையாதல் சித்தாந்தத் துணிபு. அடுப்பைக் காணாதார் கூரைமேற் புகைகண்டு தீயுண்மை துணிவர். சிவஞானபோதத்து முதற் சூத்திரம், உலகு தோன்றி நின்று ஒடுங்குதலை ஏதுவாகக் கொண்டு அதற்கொரு கருத்தாவுண்மையைக் கருதலளவையான் நிறுவுகின்றது. உலகு படைக்கப்பட்டதைக் கண்டார் யாவர்? கண்டாரிலர் என்பது டார்வினை வீழ்த்துமாயின் அச்சூத்திரத்தையும் உடன் வீழ்த்தும். அதனைக் கைக்கொள்ளுஞ் சைவன், தான் ஏறிநின்ற கொம்பைத் தானே வெட்டுபவனாவன்.

இனி, அறிவியலார் காட்டும் ஏதுக்கள் புகையினுஞ் சிறியனவல்ல. திருஞானசம்பந்தர் பாடல்பெற்ற திருவக்கரையிற் கல்லாய்க் கிடக்கும் பெருமரங்களை அடியார் பலரும் கண்டிருப்பர். அவை ஏறத்தாழ 2 கோடி ஆண்டின என நிலவியலார் கணிப்பர். மரம் கல்லாயினமையைக் கண்டாரில்லையாயினும், கல்லினுள் மரத்தின் வரியிருத்தல் கண்டு அது மரமேயென யாவரும் துணிகின்றனர். செருமனி நாட்டுப் பவேரியாவில் 1861இல் அறியப்பட்ட ஆர்க்கியாப்டெரிக்சு என்னும் கல்லுரு, பறவையின் இறகும், ஊர்வனவற்றின் பல்லும், எலும்புடை நீள்வாலும் ஒருங்குடையது. மனிதன் கையும், வௌவால் சிறகும், திமிங்கிலத்தின் துடுப்பும் ஒரேவகை என்பு வரிசையால் அமைந்தன. நோய்க்கிருமிகள் சின்னாளில் மருந்திற்கு அடங்கா இயல்பினவாய்த் திரிதல் மருத்துவர் நேரிற் காண்பது. ஆகவே சிறுதிரிபுகட்குக் காட்சியும், பெருந்திரிபுகட்குக் கருதலும் சான்றாம்.

குரங்கு மனிதனாதல் என்னும் மயக்கத்திற்குப் 'பரிணாமம்' என்னுஞ் சொல்லும் ஒரு காரணமாகும். சாத்திரம் வல்லார்க்கு அச்சொல் பால் தயிராதல்போல ஒருபொருள் தானே பிறிதொன்றாய்த் திரிதலை உணர்த்தும். 1859இல் டார்வின் வெளியிட்ட நூற்பொருள் அஃதன்று. அவர் கருத்துப்படி, ஒரு விலங்கு தன் வாழ்நாளிற் பிறிதொரு விலங்காவதில்லை. ஓரினத்து ஈன்ற குட்டிகள் தம்முள் சிறிது வேறுபடும். சூழலுக்கு இயைந்தவை மிகுதியும் பிழைத்துத் தம்மியல்பை வழிவழி விடுக்கும். நெடுங்காலத்தில் இனம் வேறாம். கரிசலுழவன் களத்திலே நல்ல கதிரை விதைக்கெனத் தெரிந்தெடுத்துவர, சில தலைமுறையிற் பயிர் வேறாதல் போல்வது இது. இன்றுள்ள குரங்கு மனிதன் மூதாதையுமன்று. இரண்டிற்கும் பொதுவாகிய முன்னோர் பண்டிருந்தனர் என்பதே கொள்கை. ஈழத்துப் பாடநூல்கள் 'கூர்ப்பு' என வழங்குதல் இம்மயக்கத்தைத் தவிர்க்கும்.

இரண்டாம் விடையாளர், திருவாசகத்துச் சிவபுராணத்திற் புல் முதலாகப் பிறப்புக்கள் எண்ணப்பட்டமை காட்டி, அதுவே டார்வின் கொள்கையென மகிழ்வர். அவ்வரிசையிற் புழுவின் பின்னர் மரமும், பாம்பின் பின்னர்க் கல்லும், மனிதனுக்குப் பின்னர்ப் பேயும் கணமும் வருதலை அவர் நோக்கிற்றிலர். அங்குக் கூறப்படுவது ஓருயிர் வினைக்கீடாக உடல்தொறும் புக்குழன்று இளைத்த வரலாறு. வினைவயத்தால் அவ்வுயிர் மேலும் ஏறும், கீழும் இழியும். டார்வின் கூறுவது உடல்களின் குடிவழி. ஆன்மாவைப் பற்றி அந்நூல் ஒன்றும் பேசிற்றன்று. தொல்காப்பிய மரபியல் ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்ததும் பாகுபாடேயன்றிக் குடிவழியன்று. அடிகள் அழுதுரைத்த பிறவித்துன்பத்தை விலங்கியற் பட்டியலாக்குதல், அப்பாட்டின் உயிர்நிலையை இழத்தலாம்.

'உயிரின் தோற்றம்' என்னுந் தலைப்பும் சைவர் செவிக்கு உறுத்தும், உயிர் அநாதியாகலின். ஈண்டு உயிரென்றது உயிர்ப்புடைய உடலையே எனக் கொள்ளின் மாறுபாடு நீங்கும். அற்றேல், இறைவனைச் சொல்லாத கல்வி நாத்திகமாகாதோ எனின், ஆகாது. தனு கரண புவன போகங்கட்கு முதற்காரணம் மாயை, நிமித்தகாரணன் இறைவன் என்பது சித்தாந்தம். மண் குடமாகும் முறையை ஆராய்வான் குயவனை மறுத்தவனாகான். அறிவியலார் சிலர் அம்முறையே கொண்டு இறைவனில்லையென முடிப்பின், அவரும் தம் ஏதுவின் எல்லை கடந்தவராவர்.

இப்பூசல் மேனாட்டில் வேறொரு வேரினின்று எழுந்தது. 1925இல் அமெரிக்காவின் டென்னசியில், மனிதன் விலங்கின் வழிவந்தானெனக் கற்பித்தற்காக ஸ்கோப்சு என்னும் ஆசிரியர்க்கு 100 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அச்சட்டம் 1967இல் நீக்கப்பட்டது. ஆறுநாட் படைப்பைச் சொல்லளவிற் கொண்டார்க்கு அவ்வழக்கு வேண்டியதாயிற்று. படைப்பும் ஒடுக்கமும் எண்ணிறந்த கற்பங்களாகத் தொடர்வன எனக் கொண்ட சைவர்க்குக் கோடியாண்டுக் கணக்கு அச்சந் தருவதன்று. பிறர் வழக்கை இரவல் வாங்கி, பல சமயத்துப் பிள்ளைகளும் ஒருங்கிருந்து பயிலும் அறிவியல் வகுப்பிற் படைப்புப் புராணத்தைப் பாடமாக்கக் கேட்டல், ஆகமப் பொருளைத் தேர்வுத்தாள் மதிப்பெண்ணுக்குத் தாழ்த்துவதாகும். அதற்குரிய இடம் மடமும் கோயிலும் இல்லமுமே.

ஆகவே பிள்ளைக்கு இறுக்கும் விடை இது: உடல் வந்த வழியைப் பள்ளியிற் கருதலளவையாற் கற்க, உயிர் உய்யும் வழியை உரையளவையாற் பெரியோர்பால் உணர்க. நீக்கிய பகுதியை 10ஆம் வகுப்பிலே மீளச் சேர்க்குமாறு சைவ நன்மக்கள் கேட்பது, மெய்கண்டார் காட்டிய அளவைநெறியைக் காப்பதேயாம் என்க.