வராத மாணவி: லாரின் ஹில்லின் முதல் இசைத்தொகுப்பு

பள்ளி மணி ஒலிக்கிறது. ஆசிரியர் மாணவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்து வருகை குறிக்கிறார். அழைக்கப்பட்டவர்கள் விடை தருகின்றனர். ஒரு பெயருக்கு மட்டும் விடையில்லை. ஆசிரியர் அப்பெயரை மீண்டும் மீண்டும் அழைக்கிறார். அப்போதும் குரல் எழவில்லை. அந்தப் பெயர் லாரின் ஹில்.

1998ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் அமெரிக்காவில் வெளிவந்த 'தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்' என்னும் இசைத்தொகுப்பு இவ்வாறு தொடங்குகிறது. தொகுப்பின் தலைவியே வகுப்பில் இல்லை. இந்த இன்மை வெறும் அலங்காரமன்று. தொகுப்பின் பொருளையும் ஒலியையும் ஒருங்கே திறக்கும் திறவுகோல் இதுவே. அவள் வகுப்புக்கு வராமல் எங்குச் சென்றாள், எதைக் கற்றாள், யாரிடம் கற்றாள் என்னும் வினாக்களுக்குப் பாடல்கள் விடை கூறுகின்றன.

பாடகியும் காலமும்

லாரின் ஹில் 1975இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர். நெவார்க் நகரை அடுத்த சவுத் ஆரஞ்சு என்னும் ஊரில் வளர்ந்தவர். பள்ளிப் பருவத்திலேயே பாட்டிலும் நடிப்பிலும் ஈடுபட்டார். 1993இல் வெளிவந்த 'சிஸ்டர் ஆக்ட் 2' திரைப்படத்தில், தாயின் தடையை மீறிப் பாட விழையும் மாணவியாக நடித்தார். வைக்கிளிஃப் ஜான், பிராஸ் மிஷேல் ஆகியோருடன் அவர் சேர்ந்து பாடிய 'ஃபியூஜீஸ்' குழு 1996இல் 'தி ஸ்கோர்' என்னும் தொகுப்பால் உலகப் புகழ் பெற்றது. அப்புகழின் உச்சியிலேயே குழுவினரிடையே பிளவும் தோன்றியது. 1997இல் லாரின் ஹில் தாயானார். பிரிவும் பிறப்பும் அடுத்தடுத்து நிகழ்ந்த அக்காலத்திலேதான் இத்தொகுப்பு உருவாயிற்று.

இத்தொகுப்பை 'நியோ சோல்' என்னும் வகையில் அடக்குவது வழக்கம். 'சோல்' என்றால் ஆன்மா. கறுப்பின அமெரிக்கரின் தேவாலயப் பாடல் முறையும் அவர்களின் உலகியல் இசையும் கலந்து 1950களிலும் 1960களிலும் வளர்ந்தது சோல் இசை. ரே சார்ல்ஸ், அரீத்தா ஃபிராங்க்ளின், மார்வின் கே, ஸ்டீவி வொண்டர் ஆகியோர் அதன் பெரும் பெயர்கள். 1990களில் இளைய தலைமுறையினர் சிலர் அந்தப் பழைய குரல்நெறியை மீட்டு, ஹிப்ஹாப்பின் தாளக்கட்டோடு இணைத்தனர். டி'ஏஞ்சலோவின் 'பிரவுன் சுகர்' 1995இலும், எரிக்கா படுவின் 'படுயிசம்' 1997இலும் வெளிவந்தன. இவ்வரிசையில் அடுத்து வந்தது லாரின் ஹில்லின் தொகுப்பு. ஆயின் மற்றவர்கள் பழைய இசையின் இனிமையை மீட்டனர் என்றால், இவர் அதனை ஒரு பாடத்திட்டமாகவே அமைத்தார் எனலாம்.

தலைப்பின் பொருள்

'மிஸ்எஜுகேஷன்' என்னும் சொல் ஒரு நூலை நினைவூட்டுவது. கறுப்பின அமெரிக்க வரலாற்றறிஞர் கார்ட்டர் உட்சன் 1933இல் 'தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் தி நீக்ரோ' என்னும் நூலை வெளியிட்டார். கறுப்பின மாணவருக்குத் தரப்பட்ட கல்வி, பிறர் வரலாற்றை உயர்வாகவும் தம் வரலாற்றைத் தாழ்வாகவும் எண்ணப் பழக்கியது என்பது அந்நூலின் மையக் கருத்து. அத்தகைய கல்வியைப் பெற்றவன், பிறர் ஏவாமலே தனக்குரிய தாழ்ந்த இடத்தைத் தானே தேடிச் செல்வான் என அவர் எச்சரித்தார்.

திருக்குறளில் கல்வி, கல்லாமை, கேள்வி என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்பதைத் தமிழ் மாணவர் அறிவர். உட்சன் கூறுவது கல்வியும் அன்று, கல்லாமையும் அன்று, பிழைபடக் கற்றல். கல்லாதவனுக்குக் கற்பிக்கலாம். பிழைபடக் கற்றவனோ, கற்றதை முதலில் மறக்க வேண்டும். அதனால் அவன் நிலை கல்லாதவன் நிலையினும் கடினமானது. இதனைப் 'பிழைக்கல்வி' எனக் குறிப்பது பொருந்தும்.

உட்சனின் நூற்பெயரில் ஓர் இனத்தின் பெயர் நின்ற இடத்தில் லாரின் ஹில் தம் பெயரை வைத்தார். சமுதாயத்தின் பிழைக்கல்வி தனியொருத்தியின் வாழ்வில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். அது வெளிப்படும் இடம் காதல் என்பது அவர் கண்ட விடை. தன் மதிப்பை அறியாமல் வளர்க்கப்பட்டவள் அன்பிலும் தன்னைக் குறைத்தே கொடுப்பாள். புண்படுத்தும் உறவையும் விட முடியாமல் தவிப்பாள். உட்சன் பள்ளிக்கூடத்தில் கண்ட நோயை லாரின் ஹில் நெஞ்சுக்குள் கண்டார்.

பாடல்களின் இறுதியில் இடையிடையே ஒலிக்கும் வகுப்பறைப் பேச்சின் பயன் இங்கே விளங்குகிறது. நெவார்க்கின் கவிஞரும் ஆசிரியருமான ராஸ் பராக்கா, பிற்காலத்தில், 2014இல், அந்நகரின் மேயரானவர், ஆசிரியராகப் பேசுகிறார். அன்று அவர் எடுக்கும் பாடம் கணக்கோ வரலாறோ அன்று. 'அன்பு' என்னும் சொல்லை எழுத்து எழுத்தாகக் காட்டி, அது யாது என்று சிறுவர்களைக் கேட்கிறார். அவர்கள் தயங்கியும் சிரித்தும் ஒருவரையொருவர் மறுத்தும் விடை கூறுகின்றனர். அந்தப் பாடம் யாருக்கு மிகவும் வேண்டுமோ, அவள் மட்டும் அன்று வரவில்லை. அவள் வெளியே அதே பாடத்தை அடிபட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறாள். வகுப்பில் எழும் வினாவுக்கு அடுத்து வரும் பாடல் விடையாகிறது. ஆனால் அவ்விடையை வகுப்பு கேட்பதில்லை. கேட்பவர் மட்டுமே இரண்டையும் இணைத்துப் பார்க்க இயலும். தொகுப்பின் மிகச் சிறந்த அமைப்பு இதுவே.

மேலட்டையும் இக்கருத்தோடு ஒத்துச் செல்கிறது. மாணவர் கிறுக்கி வைக்கும் பழைய பள்ளி மேசையின் மரப்பலகையில் செதுக்கியதுபோல் பாடகியின் முகம் அமைந்துள்ளது. ஆள் வரவில்லை, ஆயினும் அவள் முகம் மேசையில் நிலைத்துவிட்டது.

ஒலியமைப்பு

பள்ளி கற்பிக்கத் தவறிய வரலாற்றை இத்தொகுப்பின் ஒலியே கற்பிக்கிறது. 1950களின் தெருமுனைக் குழுக்குரல் பாடலான 'டூ வாப்', ஜமைக்காவின் ரெக்கே, தேவாலயக் குழுப்பாடல், 1970களின் சோல், ஹிப்ஹாப் ஆகிய அனைத்தும் ஒரே கூரையின் கீழ் இடம்பெறுகின்றன. ஒலிப்பதிவின் ஒரு பகுதி ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில், பாப் மார்லியின் பெயரோடு இணைந்த டஃப் காங் கலையகத்தில் நிகழ்ந்தது.

பழைய பதிவின் ஒரு துண்டை எடுத்துப் புதிய பாடலில் பொருத்தும் முறை ஹிப்ஹாப்பின் உயிர்நாடி. 'எக்ஸ் ஃபாக்டர்' என்னும் பிரிவுத்துயர்ப் பாடல், 'வூ டாங் கிளான்' குழுவின் 1993ஆம் ஆண்டுத் தொகுப்பிலுள்ள ஒரு பாடலிலிருந்து எழுகிறது. அப்பாடலோ, 1970களில் கிளாடிஸ் நைட் பாடிய பாடலொன்றின் துண்டைத் தன்னுள் கொண்டது. தாயின் குரலை மகனும், மகனின் குரலைத் தங்கையும் கேட்டுப் பாடுவது போன்ற தொடர்ச்சி இது. 'ஃபர்கிவ் தெம் ஃபாதர்' பாடலில் பாப் மார்லியின் இசை ஒலிக்கிறது. 'டூ வாப்' பாடலுக்கு எடுத்த காட்சிப்படத்தில் 1967ஆம் ஆண்டும் 1998ஆம் ஆண்டும் திரையின் இரு பாதிகளில் அருகருகே ஓடுகின்றன. இவையனைத்தும் ஒரே கருத்தின் வெவ்வேறு வடிவங்கள். பிழைக்கல்விக்கு மருந்து கேள்வி. முன்னோரைச் செவிசாய்த்துக் கேட்டல்.

குரலும் கருவிகளும் பதிவான முறையும் கருதத்தக்கது. 1990களின் இறுதியில் வணிக இசை பெரும்பாலும் பளபளப்பாகத் தீட்டப்பட்டது. இத்தொகுப்பில் முரசு, கிட்டார், பியானோ, ஊதுகருவிகள், நரம்பிசை ஆகியவை உயிருள்ள கைகளின் அசைவோடு கேட்கின்றன. பாடகியின் குரலில் இயல்பாக உள்ள கரகரப்பு மறைக்கப்படவில்லை. துயரம் மிகும் இடத்தில் குரல் தழுதழுப்பதும் அப்படியே விடப்பட்டுள்ளது. பல பாடல்களில் அவரது குரலே அடுக்கடுக்காகப் பதியப்பட்டு, அவரைச் சூழ்ந்த ஒரு குழுவாகிறது. தனியே பாடுபவள் தன்னையே துணையாகக் கொள்ளும் நிலை ஒலியிலேயே புலனாகிறது.

பேச்சும் பாட்டும் ஒருவரிடமே சமவலிமையோடு அமைந்திருப்பது இவரது தனிச்சிறப்பு. 'ராப்' என்னும் சொல்லடுக்கு முறையில் அவர் வாதிடுகிறார். பாட்டில் தம் புண்ணைக் காட்டுகிறார். வாதத்தில் வெல்பவளே பாட்டில் தோற்றுப்போனதை ஒப்புக்கொள்கிறாள். இம்முரண் தொகுப்புக்கு நேர்மை தருகிறது.

அகமும் புறமும்

தமிழ் மரபின் சொற்களால் கூறின், இத்தொகுப்பில் அகமும் புறமும் ஒன்றையொன்று தொடுகின்றன. 'லாஸ்ட் ஒன்ஸ்' புறப்பாடல். பிரிந்த தோழமையை நோக்கி விடுக்கும் அறைகூவல். 'எக்ஸ் ஃபாக்டர்' அகப்பாடல். அன்பு செலுத்தியும் அன்பு பெறாதவளின் முறையீடு. 'ஐ யூஸ்டு டு லவ் ஹிம்' பாடலில் மேரி ஜே. பிளைஜ் உடன் சேர, ஒருத்தியின் துயரம் இரு பெண்களின் உரையாடலாக விரிகிறது. டி'ஏஞ்சலோவுடன் பாடும் 'நத்திங் ஈவன் மேட்டர்ஸ்' மட்டுமே காதலின் நிறைவைக் காட்டுவது. அது மிக மெதுவாகச் செல்கிறது. உலகின் ஓசைகள் அடங்கிய ஓர் அறைபோல் அமைந்துள்ளது.

இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது 'டு சயன்' என்னும் பாடல். சயன் என்பது முதல் மகனின் பெயர். புகழ் வளரும் நேரத்தில் குழந்தை வேண்டாம், தொழிலையே எண்ணுக என்று சுற்றியிருந்தோர் கூறிய அறிவுரையையும், அதனை மறுத்துத் தாய்மையை ஏற்ற முடிவையும் அப்பாடல் கூறுகிறது. கார்லோஸ் சந்தானாவின் கிட்டார் மென்மையாகத் தொடர, முரசு படைநடைபோல் ஒலிக்கிறது. தாலாட்டுக்குப் படைநடைத் தாளம் முரணாகத் தோன்றலாம். ஆயின் அந்த முடிவுக்கு வேண்டிய துணிவைத் தாளமே உணர்த்துகிறது. அறிவுரை கூறியோர் கற்பித்ததும் ஒரு பிழைக்கல்வியே என்பது சொல்லாமல் பெறப்படும்.

'எவ்ரி கெட்டோ, எவ்ரி சிட்டி' இளமைக்காலத் தெருக்களை ஸ்டீவி வொண்டர் பாணியில் நினைவுகூர்கிறது. 'எவ்ரிதிங் இஸ் எவ்ரிதிங்' நகரத்து இளைஞருக்கு நம்பிக்கை கூறுவது. அப்பாடலில் பியானோ வாசித்தவர், அன்று பல்கலைக்கழக மாணவராக இருந்து பின்னர் ஜான் லெஜண்ட் என்னும் பெயரில் புகழ்பெற்ற பாடகர். தலைப்புப் பாடலில் வேகமெல்லாம் அடங்குகிறது. பிறர் வகுத்த வழியில் தேடியது தன்னுள்ளேயே இருந்தது என்னும் தெளிவோடு பாடம் முடிகிறது.

குறைகள்

தொகுப்பில் குறைகளும் உள. ஏறத்தாழ 77 நிமிடம் நீளும் அதில் சில இடங்களில் தொய்வு காணப்படுகிறது. இசையுலகின் போலித்தனத்தைச் சாடும் 'சூப்பர்ஸ்டார்', தன் துயரைக் கூறும் பாடல்களின் ஆழத்தை எட்டவில்லை. 'டூ வாப்' பாடலின் முதற்பகுதி பெண்களுக்கும் இரண்டாம் பகுதி ஆண்களுக்கும் அறிவுரை கூறுவது. பெண்களை நோக்கிய பகுதியில் கடிந்துரைக்கும் தொனி மிகுந்துள்ளது என்னும் கருத்தைப் புறந்தள்ள இயலாது. ஆயினும் தானும் அவ்வாறே இடறியவள் எனப் பாடுபவள் ஒப்புக்கொள்வதால், மேடையில் நின்று பேசும் குரல் இறங்கிவந்து அருகில் அமர்கிறது.

மற்றொரு வினா கடினமானது. ஆக்கத்தின் பெருமை பெரும்பாலும் லாரின் ஹில்லுக்கே உரியதாக அட்டையில் குறிக்கப்பட்டது. உடன் உழைத்த நான்கு இசைஞர் தமக்குரிய பங்கு மறுக்கப்பட்டதாக 1998 நவம்பரில் வழக்குத் தொடுத்தனர். 2001இல் அவ்வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே இணக்கமாக முடிந்தது. முன்னோர் பலரின் குரலை நன்றியோடு ஏந்திய தொகுப்பைப் பற்றி, உடன் இருந்தோரின் பங்கு குறித்து இத்தகைய வினா எழுந்தது வருந்தத்தக்கதே. பாடல்களின் மதிப்பு இதனால் குறையாது. ஆனால் தன் மதிப்பை மீட்பதும் பிறர் மதிப்பைப் பேணுவதும் ஒரே பாடத்தின் இரு பகுதிகள் என்பதை இவ்வழக்கு நினைவூட்டுகிறது.

முடிவுரை

1999 பிப்ரவரியில் இத்தொகுப்பின் வாயிலாக லாரின் ஹில் ஐந்து கிராமி விருதுகளை ஒரே இரவில் பெற்றார். ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பு என்னும் விருது ஹிப்ஹாப் சார்ந்த தொகுப்புக்குக் கிடைத்தது அதுவே முதன்முறை. 2015இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதனைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. இதற்குப் பின் 2002இல் ஒரு மேடைப் பதிவு வெளிவந்ததேயன்றி, இதனைப் போன்ற முழுக் கலையகத் தொகுப்பு வேறொன்று அவரிடமிருந்து வரவில்லை. முதல் தொகுப்பே முழுத் தொகுப்பாக நின்றுவிட்டது.

பள்ளியைப் பழிப்பது இத்தொகுப்பின் நோக்கமன்று. இதில் வரும் ஆசிரியர் பரிவுடையவர். மாணவரின் விடையை மதித்துக் கேட்பவர். வராத பெயரையும் விடாமல் அழைப்பவர். குறை அவரிடமில்லை. அவள் ஏற்கனவே வேறெங்கோ பிழைபடக் கற்றுவிட்டாள் என்பதே துயரம். அதனை அவள் மறந்து, மீளக் கற்கும் வரலாறே இப்பாடல்கள். வகுப்பில் விடையற்றுப்போன பெயருக்கு உரியவள் வாளாவிருப்பவள் என்று கொள்வதற்கில்லை. அவளது விடை காலந்தாழ்ந்து, பாட்டாகவும் வரக்கூடும். அதனைக் கேட்கும் செவி ஆசிரியருக்கு வேண்டும் என்பதே இத்தொகுப்பு கற்பிக்கும் பாடம் எனலாம்.