போனைப் பிடுங்கிய பிறகு என்ன?

ஜோனதன் ஹைட்டின் ‘தி ஆங்ஷியஸ் ஜெனரேஷன்’ (2024) பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: பசங்க கையில போன் கொடுக்காதே. படித்து முடித்தபோது, அந்த வரிதான் புத்தகத்தின் பலவீனமான பகுதியில் நிற்கிறது என்று எனக்குத் தோன்றியது.

ஹைட்டின் வாதம் இது: 2010-க்கும் 2015-க்கும் இடையில் அமெரிக்கப் பதின்வயதினர் ஸ்மார்ட்போனுக்குள் குடிபோனார்கள். அதே சமயத்தில் மனச்சோர்வும் பதற்றமும், குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம், ஏறின. ஆகவே போன்தான் காரணம்.

அந்த ‘ஆகவே’ இடிக்கிறது. ஏமி ஆர்பெனும் ஆண்ட்ரூ ப்ரிஸிபில்ஸ்கியும் மூன்று பெரிய கணக்கெடுப்புகளை ஆராய்ந்து 2019-ல் கட்டுரை எழுதினார்கள். பிள்ளைகளின் மனநலத்தில் தெரியும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் டிஜிட்டல் கருவிகளோடு தொடர்புபடுத்த முடிந்தது. ‘நேச்சர்’ இதழில் ஹைட்டின் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதிய கேண்டிஸ் ஆட்ஜர்ஸும், தொடர்பைக் காரணமாகக் காட்டுகிறார் என்றே குறை சொன்னார். சராசரி சின்னது என்பதால் எந்தப் பிள்ளைக்கும் கெடுதல் இல்லை என்றாகாது. ஆனால் ஹைட் காட்டும் உறுதிக்கு இந்த ஆதாரம் போதாது.

அப்போ புத்தகத்தைத் தூக்கிப் போட்டுடலாமா? வேண்டாம். “எல்லார்கிட்டயும் இருக்கு, எனக்கு மட்டும் ஏன் இல்ல?” என்ற கேள்வியை ஹைட் பிடிவாதமாகப் பார்க்கவில்லை, கூட்டாக மாட்டிக்கொண்ட சிக்கலாகப் பார்க்கிறார். இதற்கு நல்ல சான்று உண்டு. லியோனார்டோ பர்ஸ்டினும் சக ஆய்வாளர்களும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் 2023-ல் செய்த ஆய்வில், தான் மட்டும் நான்கு வாரம் டிக்டாக்கை விட மாணவர்கள் சராசரியாக 59 டாலர் கேட்டார்கள். எல்லோரும் சேர்ந்து விடுவதென்றால், அதற்காகத் தாங்களே 28 டாலர் கொடுக்கவும் தயாராக இருந்தார்கள்! ஒரு வீடு மட்டும் போடும் தடை அந்தப் பிள்ளையைத் தனிமைப்படுத்துகிறது. வகுப்பில் நாலு வீட்டுக்காரர்கள் பேசிவைத்துக்கொண்டு போட்டால் அதே தடை பாதி இலேசாகிவிடும்.

ஹைட் சொல்லும் நான்கு விதிகளில் மூன்று தடைகள்: பதினாலு வயசு வரை ஸ்மார்ட்போன் இல்லை, பதினாறு வரை சமூக வலைத்தளம் இல்லை, பள்ளியில் போன் இல்லை. நான்காவது, பெரியவர்கள் கண்காணிக்காத விளையாட்டும் சுதந்திரமும். அதை யாரும் கண்டுகொள்வதில்லை, நமக்கும் அதுதான் கஷ்டம். ராத்திரி பத்து மணிக்குப் போனை வாங்கி வைக்கிற வீட்டில், சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பொண்ணு தனியா சைக்கிள் எடுத்துட்டுத் தோழி வீட்டுக்குப் போகலாமா? இல்லை என்றால் அவள் தோழியைப் பார்க்கிற ஒரே இடத்தைத்தான் பூட்டுகிறோம்.